14.4-ஐயும் 20.7-ஐயும் ஒரே தராசில் வைக்கலாமா?

2018 ஜூன் 21 அன்று புரூக்ளினில், அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் டிராஃப்ட் நடந்தது; அணிகள் புதிய வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நாள் அது. லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் அணியிடம் 12, 13 என அடுத்தடுத்து இரண்டு தேர்வுகள் இருந்தன. ஷார்லட் அணி 11ஆவதாகப் பெயர் சொன்ன ஒரு கார்டை (பந்தை நடத்தும், வெளியிலிருந்து எறியும் வீரரை), தன் 12ஆம் தேர்வோடு இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளையும் சேர்த்துக் கொடுத்து கிளிப்பர்ஸ் வாங்கிக்கொண்டது. 13ஆம் முறை வந்ததும் இன்னொரு கார்டை எடுத்தது. பின்னால் வந்தவர் ஜெரோம் ராபின்சன்: பாஸ்டன் காலேஜில் மூன்றாம் ஆண்டு, ஆட்டத்துக்கு 20.7 புள்ளிகள், தொலைவுக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி எறிதலில் 40 விழுக்காட்டுக்கும் மேல். முன்னால் வந்தவர் கென்டக்கி பல்கலைக்கழகத்தின் முதலாண்டு மாணவர், பருவத்தின் தொடக்கத்தில் பெஞ்சிலிருந்து களமிறங்கியவர், ஆட்டத்துக்கு 14.4 புள்ளிகள். அவர் பெயர் ஷாய் கில்ஜஸ் அலெக்சாண்டர். 2025இல், பின்னர் அவர் மாறிப்போன ஓக்லஹோமா சிட்டி அணி சாம்பியன் ஆனபோது, லீகின் மிகச் சிறந்த வீரர் விருதும் இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதும் அந்தப் பருவத்தில் சராசரியாக அதிகப் புள்ளி எடுத்தவர் என்ற பெருமையும் அவரிடம் இருந்தன. ராபின்சனுக்கு என்பிஏவில் நிலையான இடமே அமையவில்லை.

ராபின்சனின் 20.7 புள்ளிகளில் பொய் எதுவும் இல்லை. உழைத்து எடுத்தவை அவை. என் வாதம் வேறு. கல்லூரி கார்டு ஒருவரின் எண்கள், அவருடைய அணி அவரிடம் கேட்ட கேள்விக்கு அவர் எழுதிய விடைகள். இரண்டு பேருக்கும் வெவ்வேறு வினாத்தாள் கொடுத்துவிட்டு மதிப்பெண்ணை மட்டும் அருகருகே வைத்தால், எந்த எண் பெரியது என்பது தெரியும். யார் நன்றாகப் படித்தவர் என்பது தெரியாது. டிராஃப்டை ஒட்டி ஆண்டுதோறும் நடக்கும் பிழைகளில் பெரும்பங்கு இங்கேதான் தொடங்குகிறது என்று நம்புகிறேன்.

புதிதாக வருபவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். டிராஃப்டில் 30 அணிகள், இரண்டு சுற்றுகள், மொத்தம் 60 தேர்வுகள். முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிகள் குலுக்கல் வழியாக வரிசையின் முன்பக்கம் வருகின்றன. முதல் சுற்றில் எடுக்கப்பட்டவருக்குக் குறைந்தது முதல் இரண்டு ஆண்டுச் சம்பளம் உறுதி. இரண்டாம் சுற்றில் அப்படி எந்த உறுதியும் இல்லை. 2006 டிராஃப்டிலிருந்து, டிராஃப்ட் நடக்கும் ஆண்டுக்குள் 19 வயது நிறைவதோடு, பள்ளிப் படிப்பு முடிந்து ஓராண்டும் ஆகியிருக்க வேண்டும் என்ற விதி நடப்பில் இருக்கிறது. அதனால் மிகத் திறமையான பையன்கள் பலர் ஒரே ஓர் ஆண்டு கல்லூரியில் ஆடிவிட்டு வந்துவிடுகிறார்கள். ஒரே வரிசையில் 19 வயதுக்காரரும் 22 வயதுக்காரரும் நிற்கிறார்கள்.

இந்த வரிசையில் மதிப்பிட மிகவும் கடினமானவர்கள் கார்டுகள். ஏழடி மனிதர்கள் அரிது. அவர்களைக் கண்டவுடன் அடையாளம் தெரியும். ஆறடி சொச்சம் உயரமும் நல்ல கையும் வேகக் காலும் உள்ளவர்கள் நூற்றுக்கணக்கான கல்லூரிகளில் இருக்கிறார்கள். பந்தை மேலே கொண்டுவருவது, யாருக்கு எப்போது கொடுப்பது என்று முடிவெடுப்பது, தடுப்பை ஊடுருவுவது என எல்லாம் அவர்கள் கையில்தான் தொடங்குகிறது. ஆகவே பயிற்சியாளரின் திட்டமும் உடன் ஆடுபவர்களின் தரமும் வேறு எவரையும் விட அவர்களுடைய எண்களில்தான் ஆழமாகப் பதிகின்றன.

களமே வேறு என்பதையும் மறக்கக் கூடாது. நீள அகலம் ஒன்றுதான், விதிகள் வேறு. கல்லூரியில் 40 நிமிட ஆட்டம், என்பிஏவில் 48. கல்லூரியில் ஓர் அணி 30 விநாடிக்குள் எறிந்தால் போதும், என்பிஏவில் 24தான். வளையத்துக்கு முன்னால் வண்ணமடித்த பகுதி கல்லூரியில் 12 அடி அகலம், என்பிஏவில் 16 அடி. அதைவிட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. என்பிஏவில் தடுப்பாளர் ஒருவர், தான் காக்கும் ஆள் அருகில் இல்லாமல் அந்தப் பகுதிக்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்க முடியாது. கல்லூரியில் அப்படித் தடை இல்லை. நெடிய ஆள் ஒருவர் வளையத்தடியில் காவல் நின்றுகொண்டே இருக்கலாம். கல்லூரியில் ஊடுருவும் கார்டு சந்தைக்கடைக் கூட்டத்துக்குள் நுழைகிறார். அதே கார்டுக்கு என்பிஏவில் திறந்த வாசல் கிடைக்கும். மூன்று புள்ளிக் கோடோ நேர்மாறாக விலகிப் போகிறது: 2018இல் கல்லூரிக் கோடு 20 அடி 9 அங்குலத்தில் இருந்தது, என்பிஏ கோடு மேற்பகுதியில் 23 அடி 9 அங்குலம். ஒரு திறமைக்கு வழி அகலமாகிறது, இன்னொன்றுக்கு வழி நீளமாகிறது. இதைக் கணக்கில் எடுக்காமல் விழுக்காடுகளை அப்படியே சுமந்துபோவது வீண்.

நான்கு பேர், நான்கு வினாத்தாள்

2018ஆம் ஆண்டுக் கார்டுகள் எனக்குத் திரும்பத் திரும்பப் பாடம் சொல்பவர்கள். ட்ரே யங், காலின் செக்ஸ்டன், ஷாய், ஜேலன் பிரன்சன். முறையே 5, 8, 11, 33ஆம் தேர்வுகள்.

யங்கிடம் ஓக்லஹோமா பல்கலைக்கழகம் கேட்டது எல்லாவற்றையும். அவர் 27.4 புள்ளிகளும் 8.7 அசிஸ்ட்களும் (சகவீரர் புள்ளி எடுக்கக் கொடுத்த பந்துகள்) எடுத்து, ஒரே பருவத்தில் நாட்டிலேயே இரண்டிலும் முதலிடம் பிடித்த முதல் வீரர் ஆனார். நார்த்வெஸ்டர்ன் ஸ்டேட் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 22 அசிஸ்ட் கொடுத்து கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவின் சாதனையைச் சமன் செய்தார். ஆனால் ஆட்டத்துக்கு 5.2 முறை பந்தை இழக்கவும் செய்தார். ஜனவரி பாதி வரை 14 வெற்றி, 2 தோல்வி என்று பறந்த அணி, எதிரிகள் அவரை இரட்டைத் தடுப்பால் நெருக்கத் தொடங்கிய பிறகு 18-14 என்று பருவத்தை முடித்து, தேசியப் போட்டியின் முதல் ஆட்டத்திலேயே வெளியேறியது. மார்ச்சில் பலர் அவரைக் கைவிட்டதைப் போலப் பேசினார்கள். எனக்கு அந்தப் பந்திழப்புகள் வேறு விதமாகத் தெரிந்தன. ஒரு பையன் தன் அணியின் ஏறத்தாழ எல்லாத் தாக்குதலையும் தானே தொடங்கி, ஒவ்வோர் இரவும் இரண்டு பேரைச் சமாளித்து, அப்படியும் ஐந்தில் நிறுத்திக்கொள்கிறான் என்றால், அது பலவீனத்தின் அளவு மட்டுமில்லை, சுமையின் அளவும்தான். என்பிஏவில் அவர் சேர்ந்த அட்லாண்டா அணி அதே வேலையை அவருக்குக் கொடுத்தது. 2021-22 பருவத்தில் மொத்தப் புள்ளிகளிலும் மொத்த அசிஸ்ட்களிலும் அவர் என்பிஏவிலேயே முதல்வர். கல்லூரியில் செய்ததையே அங்கேயும் செய்தார். தடுப்பில் இருந்த குறையும் கூடவே போனது. வினாத்தாள் மாறாதபோது விடையும் மாறுவதில்லை என்பதற்கு யங்கைவிடத் தெளிவான சான்று இல்லை.

ஷாய்க்கு வந்த தாள் வேறு. கென்டக்கியில் பயிற்சியாளர் ஜான் கலிபாரியின் அணி என்றால் பள்ளியில் நட்சத்திரமாக இருந்த ஐந்தாறு பேர் ஒரே பந்தைப் பங்குபோட வேண்டும். அந்த ஆண்டு அந்த அணியில் அதிகப் புள்ளி எடுத்தவர் ஃபார்வர்டு (கார்டைவிட உயரமான முன்வரிசை வீரர்) கெவின் நாக்ஸ், 15.6, நியூயார்க் அவரை 9ஆவதாக, ஷாய்க்கு முன்பே, எடுத்துவிட்டது. ஷாயின் 14.4, 5.1 அசிஸ்ட் என்ற சராசரி இரண்டு வேறு ஆட்களைக் கலந்து எடுத்ததைப் போன்றது: பருவத்தின் தொடக்கத்தில் மாற்று வீரர், முடிவில் அணியின் தலைவர். மார்ச்சில் தென்கிழக்கு மண்டலப் போட்டியின் இறுதியில் டென்னசிக்கு எதிராக 29 புள்ளிகள் எடுத்து, போட்டியின் சிறந்த வீரர் ஆனார். பருவச் சராசரி என்ற ஒற்றை எண் அந்த வளர்ச்சியை மூடி மறைத்துவிடும். முதலாண்டு மாணவரை மதிப்பிடும்போது நவம்பரையும் மார்ச்சையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

கென்டக்கி எண்களைக் கொஞ்சம் கூட்டியே படிக்க வேண்டும் என்பதை லீக் அதற்கு முன்பே ஒருமுறை பார்த்திருந்தது. 2014-15இல் டெவின் புக்கர் அங்கே ஒரே ஓர் ஆட்டத்தில்கூடத் தொடக்க ஐவரில் இறங்கவில்லை. சராசரி 10 புள்ளிகள். ஃபீனிக்ஸ் அவரை 13ஆவதாக எடுத்தது. 2017 மார்ச்சில், இருபது வயதில், பாஸ்டனுக்கு எதிராக அவர் ஒரே ஆட்டத்தில் 70 புள்ளிகள் எடுத்தார்.

பிரன்சனின் கதைதான் எனக்கு மிகவும் வலிக்கிற கதை. வில்லனோவா அணிக்காக 2016, 2018 என இரண்டு தேசியப் பட்டங்கள். 2018இல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரர். 18.9 புள்ளிகள், 4.6 அசிஸ்ட், 1.8 பந்திழப்பு, மூன்று புள்ளி எறிதலில் 40 விழுக்காட்டுக்கு மேல். அப்படிப்பட்டவர் டிராஃப்டில் தன் சொந்த அணியிலிருந்தே நான்காவதாகத்தான் எடுக்கப்பட்டார். மிகல் பிரிட்ஜஸ் 10, டான்டே டிவின்சென்ஸோ 17, ஒமாரி ஸ்பெல்மன் 30, அதற்கும் பிறகு 33ஆவதாக பிரன்சன். காரணம் கேட்டால் மூன்று சொன்னார்கள்: 21 வயதாகிவிட்டது, 6 அடி 2 அங்குலம்தான், துள்ளல் இல்லை.

வயதைப் பற்றிய வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 21 வயதுக்காரர் 18 வயதுக்காரர்களுக்கு எதிராக ஆடி எடுத்த எண்ணுக்கு ஒரு தள்ளுபடி உண்டு. எனவே நேர்மையான ஒப்பீடு, எல்லோருடைய முதலாண்டையும் அருகருகே வைப்பது. அப்படி வைத்தால் பிரன்சன் முதலாண்டில் 9.6 புள்ளிகள், யங் 27.4. விஷயம் முடிந்தது என்று தோன்றும். ஆனால் பிரன்சனின் முதலாண்டு அணியில் ரயன் ஆர்ச்சிடியாகோனோ என்ற நான்காம் ஆண்டு பாயின்ட் கார்டு, அதாவது அணியின் பந்தை நடத்தும் கார்டு, இருந்தார். பந்து அவரிடம்தான் இருக்கும். 2016 இறுதியாட்டத்தின் கடைசி விநாடியில் கிறிஸ் ஜென்கின்ஸ் பட்டத்தை வென்ற அந்த எறிதலுக்குப் பந்தைக் கொடுத்தவரும் அவர்தான். பிரன்சனிடம் அந்த ஆண்டு கேட்கப்பட்டது துணைவேலை. அதை அவர் பிசகாமல் செய்தார்.

என்பிஏவில் அவர் சேர்ந்த டல்லஸ் அணியில் மறுபடியும் அதே துணைவேலைதான் காத்திருந்தது, இம்முறை நட்சத்திர வீரர் லூகா டான்சிச்சின் பக்கத்தில். நான்கு ஆண்டுகள் கழித்து 2022 பிளேஆஃபில் (பட்டத்துக்கான வெளியேற்றச் சுற்றில்) டான்சிச் காயத்தால் உட்கார, யூட்டாவுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் பிரன்சன் 41 புள்ளிகள் எடுத்தார். அந்தக் கோடையில் நியூயார்க் 4 ஆண்டுகளுக்கு 10.4 கோடி டாலர் கொடுத்து அவரை அழைத்துக்கொண்டது. 2023-24இல் அவர் சராசரி 28.7. உயரம் அதே 6 அடி 2 அங்குலம். பாதத்தை எங்கே ஊன்றுவது, தோளை எப்போது கொடுப்பது, வேகத்தை எந்தக் கணத்தில் அறுப்பது என்ற அறிவெல்லாம் வில்லனோவாவில் கண்ணுக்கு முன்னால் இருந்தவைதான். அளவுநாடாவால் அவற்றை அளக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

செக்ஸ்டனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2017 நவம்பரில் புரூக்ளினில் மினசோட்டா பல்கலைக்கழகத்துக்கு எதிரான ஆட்டத்தில், அலபாமாவின் பெஞ்சு வீரர்கள் வெளியேற்றப்பட்டு, ஒருவர் ஃபவுல்களால் போக, இன்னொருவர் காயப்பட, கடைசிப் பத்து நிமிடங்களுக்கு மேல் மூன்று பேர் மட்டுமே களத்தில் இருந்தார்கள். ஐவருக்கு எதிராக அந்த மூவர். செக்ஸ்டன் 40 புள்ளிகள் எடுத்தார். அலபாமா ஐந்தே புள்ளியில் தோற்றது. அவருடைய முழு ஆட்டமும் அந்த இரவுக்குள் இருக்கிறது: அடங்காத துணிவு, வளையத்தை நோக்கிய ஓட்டம், பகிர்ந்து ஆடுவதைவிடத் தானே முடிப்பதில் நாட்டம். என்பிஏவிலும் அவர் அப்படித்தான் ஆடினார். 2020-21இல் கிளீவ்லண்டுக்காக 24.3 புள்ளிகள் எடுத்தார். தேர்ந்தெடுத்தவர்கள் எதைப் பார்த்து எடுத்தார்களோ அது கிடைத்தது.

57 எறிதல்கள் எதைச் சொல்லும்?

கென்டக்கியில் ஷாயின் மூன்று புள்ளி விழுக்காடு 40.4. யங்கின் விழுக்காடு 36. இதை வைத்து ஷாய்தான் சிறந்த எறியாளர் என்று யாராவது சொன்னால் நிறுத்திக் கேளுங்கள்: எத்தனை எறிதலில்? ஷாய் அந்தப் பருவம் முழுவதும் 57 முறைதான் எறிந்தார், 23 விழுந்தன. அவற்றில் ஐந்து பந்துகள் விளிம்பில் உருண்டு வெளியே போயிருந்தால் விழுக்காடு 32. ஐந்து கூடுதலாக உள்ளே விழுந்திருந்தால் 49. ஐந்தே பந்துகளில் ஒரு மனிதர் மோசமான எறியாளராகவும் மகத்தான எறியாளராகவும் மாறிவிடுகிறார். யங் எறிந்தது 328 முறை. அங்கே அதே ஐந்து பந்துகள் விழுக்காட்டை ஏறத்தாழ ஒன்றரைதான் அசைக்கும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது உண்மைதான், பானை முழுக்க ஒரே சூட்டில் வெந்திருந்தால். கல்லூரிப் பருவம் அப்படி வேகும் பானை இல்லை. கோடும் தூரமும் நெருக்கடியும் எறிதலுக்கு எறிதல் மாறுகின்றன.

இதனால்தான் டிராஃப்டைக் கவனமாகப் படிப்பவர்கள் எதிரணியின் ஃபவுலுக்காகக் கிடைக்கும் தனி எறிதலான ஃப்ரீ த்ரோவின் விழுக்காட்டை முதலில் புரட்டுகிறார்கள். தடுப்பாளர் இல்லை, தூரம் கல்லூரியிலும் என்பிஏவிலும் ஒன்றே, 15 அடி, கடிகாரம் ஓடுவதில்லை, பயிற்சியாளர் யாராக இருந்தாலும் கேள்வி மாறுவதில்லை. கையின் மென்மையை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துக் காட்டும் ஒரே எண் அது. ஷாய் ஃப்ரீ த்ரோவில் 80ஐத் தாண்டியிருந்தார். டைரீஸ் மேக்சியை எடுத்துக்கொள்வோம். அவரும் கென்டக்கிதான், 2019-20. மூன்று புள்ளி எறிதலில் 29 விழுக்காடு என்பது பலரைப் பின்வாங்க வைத்தது. ஃப்ரீ த்ரோவில் 83 என்பதைப் பார்த்தவர்கள் குறைவு. பிலடெல்பியாவுக்கு அவர் 21ஆம் இடத்தில் கிடைத்தார். 2024இல் லீகின் முன்னணி வீரர்கள் ஆடும் ஆல் ஸ்டார் ஆட்டத்தில் ஆடினார். மூன்று புள்ளி எறிதல் அவருடைய முக்கிய ஆயுதங்களில் ஒன்று.

இடம் மாறினாலும் கூடவே வரும் இன்னொன்று உடல். ஷாய் 6 அடி 6 அங்குல உயரம். விரித்த கைகளின் நீளம் ஏறத்தாழ ஏழடி. இன்றைய என்பிஏவில் தடுப்பாளர்கள் ஆளை மாற்றிக்கொண்டே ஆடுகிறார்கள். எதிரணி வேண்டுமென்றே குள்ளமான கார்டைத் தேடிப்பிடித்து அவர் மீது பந்தைச் செலுத்தும். நீண்ட கை உள்ள கார்டு அந்த வேட்டையிலிருந்து தப்புகிறார். பிரன்சனும் யங்கும் ஒவ்வோர் ஆட்டத்திலும் அந்த விலையைக் கொடுக்கிறார்கள். மறுமுனையில் அதைவிட அதிகமாக ஈட்டுவதால்தான் களத்தில் நிற்கிறார்கள். குள்ளக் கார்டு என்றால் வேண்டாம் என்பது தவறான முடிவு. குள்ளக் கார்டு எவ்வளவு சிறந்தவராக இருந்தால் அந்த விலை கட்டும் என்று கேட்பதுதான் சரியான கேள்வி.

டேவிட்சன் என்ற சின்ன ஊர்

2009ஐச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவடையாது. மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அணியிடம் 5, 6 என்று இரண்டு தேர்வுகள். இரண்டிலும் பாயின்ட் கார்டுகளை எடுத்தது: ஸ்பெயினின் ரிக்கி ரூபியோ, சிரக்யூஸின் ஜானி ஃபிளின். 7ஆவதாக கோல்டன் ஸ்டேட் எடுத்தது ஸ்டீஃபன் கரியை.

கரி எங்கே போய் நின்றார் என்று தெரிந்த பிறகு, இன்று சிரிப்பது எளிது. அன்றைய தராசைப் பாருங்கள். ஃபிளின் ஆடியது பிக் ஈஸ்ட் மண்டலத்தில், நாட்டின் மிகக் கடினமான களம். 2009 மார்ச்சில் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கனெக்டிகட்டுக்கு எதிராக ஆறு கூடுதல் நேரங்கள் போன அந்த ஆட்டத்தில், 70 நிமிடத்தில் 67 நிமிடம் களத்தில் நின்று 34 புள்ளிகளும் 11 அசிஸ்ட்களும் எடுத்தார். கரி ஆடியதோ டேவிட்சன் என்ற சிறிய கல்லூரி. அப்பா ஆடிய வர்ஜீனியா டெக் கூட அவருக்கு உதவித்தொகையோடு இடம் தரவில்லை. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பதுதான் அவரைப் பற்றிய சந்தேகத்தின் சாரம். ஒல்லியான உடல், சின்ன மண்டலம், எறிபவரா பந்து நடத்துபவரா என்று தெரியாத நிலை.

எண்களும் அந்தச் சந்தேகத்துக்குத் துணைபோயின. இரண்டாம் ஆண்டில் 43.9 ஆக இருந்த கரியின் மூன்று புள்ளி விழுக்காடு மூன்றாம் ஆண்டில் 38.7 ஆக இறங்கியது. சரிவு என்று எழுதிவிடலாம். நடந்தது என்ன? அந்த ஆண்டுதான் கல்லூரிக் கோடு ஓர் அடி பின்னுக்குத் தள்ளப்பட்டது. அதே ஆண்டில்தான் பயிற்சியாளர் பாப் மக்கிலப் அவரை பாயின்ட் கார்டாக மாற்றினார். முந்தைய ஆண்டு ஓடி வந்து பந்தை வாங்கி எறிந்தவர், இப்போது தானே பந்தைத் தட்டிக்கொண்டு வந்து, தானே இடம் உண்டாக்கி எறிய வேண்டியிருந்தது. அப்படியும் 28.6 புள்ளிகளோடு நாட்டிலேயே முதலிடம், கூடவே 5.6 அசிஸ்ட், 2.5 பந்துப் பறிப்பு. கடினமான தாளில் எடுத்த மதிப்பெண்ணை எளிய தாளோடு ஒப்பிட்டுக் குறைவு என்றார்கள்.

அந்தப் பருவத்தில் ஓர் ஆட்டம் உண்டு. 2008 நவம்பரில் மேரிலாந்தின் லயோலா அணி, ஆட்டம் முழுவதும் கரியின் மீது இரண்டு பேரை ஒட்டவைத்தது. பந்து எங்கே இருந்தாலும் அந்த இருவரும் அவரை விட்டு விலகவில்லை. கரி என்ன செய்தார்? மூலையில் போய் நின்றுகொண்டார். அந்த இருவரும் கூடவே வந்து நின்றார்கள். களத்தின் மீதிப் பகுதியில் மூன்று பேருக்கு எதிராக நான்கு டேவிட்சன் வீரர்கள். கரி எடுத்த புள்ளிகள் பூஜ்ஜியம். டேவிட்சன் 78-48 என்று வென்றது. ஆட்டக் குறிப்பை மட்டும் பார்ப்பவருக்கு அது கரியின் மிக மோசமான இரவு. பிற்காலத்தில் கோல்டன் ஸ்டேட் நான்கு பட்டங்கள் வென்ற முறையின் விதையே அதுதான்: பந்தைத் தொடாமலே இரண்டு தடுப்பாளர்களை இழுத்துவைத்திருக்கும் ஆள்.

ஃபிளின் விஷயத்தில் நியாயமாக இருக்க வேண்டும். சிரக்யூஸ் எப்போதும் ஆடியது பகுதித் தடுப்பு, அதாவது ஆளை விட்டு இடத்தைக் காப்பது. ஆளுக்கு ஆள் நின்று அவர் எப்படித் தடுப்பார் என்பதைக் காட்டும் கேள்வியே அவரிடம் கேட்கப்படவில்லை. தாக்குதலில், சகவீரர் ஒருவர் தூணாக நின்று மறைக்க அந்த மறைப்பைச் சுற்றிப் பாய்வதில் அவர் வல்லவர். மினசோட்டாவில் பயிற்சியாளர் கர்ட் ராம்பிஸ் கொண்டுவந்த முக்கோணத் திட்டத்தில் பாயின்ட் கார்டுக்கு அந்த வேலை அதிகம் இல்லை. முதல் பருவத்தில் 13.5 புள்ளிகள் எடுத்தார். பிறகு இடுப்பில் அறுவை சிகிச்சை. மூன்று பருவங்களில் என்பிஏ வாழ்க்கை முடிந்துவிட்டது. அவர் திறமையற்றவர் என்று சொல்பவர்கள் அந்த 67 நிமிடங்களைப் பார்க்கவில்லை.

இந்த முறைக்கும் ஓர் ஆபத்து உண்டு. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரையும் ஷாய் என்றும், சின்னக் கல்லூரியில் 25 புள்ளி எடுத்தவர்கள் எல்லோரையும் கரி என்றும் நம்பத் தொடங்கினால் நாம் வேறொரு குழியில் விழுகிறோம். அதே கென்டக்கியின் பாயின்ட் கார்டு ஆண்ட்ரூ ஹாரிசன் பள்ளிக் காலத்தில் நாட்டின் முன்னணி வீரர். இரண்டு ஆண்டு ஆடி, 2015இல் 44ஆம் இடத்தில்தான் எடுக்கப்பட்டார், என்பிஏவிலும் மறைந்திருந்த நட்சத்திரம் எதுவும் வெளிப்படவில்லை. கேள்வி சிறியது என்பதால் மட்டும் விடை பெரியதாக இருந்திருக்கும் என்று ஆகிவிடாது. அந்தச் சிறிய கேள்விக்குள்ளேயே மிச்சம் தெரிய வேண்டும். ஷாயிடம் தெரிந்தது: வேகத்தைத் திடீரென்று அடக்கி, தடுப்பாளர் தடுமாறும் அந்த அரை விநாடியில் புகுந்துவிடும் நடை. அது வேலையின் அளவைப் பொறுத்து வருவது இல்லை.

இப்போது ஒப்பீடு இன்னும் சிக்கலாகிவிட்டது. 2021 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் வைத்துப் பணம் ஈட்டலாம். கல்லூரி மாறுவதும் எளிதாகிவிட்டது. இரண்டாம் சுற்றின் நிச்சயமின்மையைவிடக் கல்லூரியில் இன்னோர் ஆண்டு இருப்பது லாபம் என்று பல கார்டுகள் தங்கிவிடுகிறார்கள். 2025 டிராஃப்டில் ஒரு முனையில் ஓக்லஹோமாவின் ஜெரமையா ஃபியர்ஸ், வயது 18: 17.1 புள்ளிகள், மூன்று புள்ளி எறிதலில் 28 விழுக்காடு, ஃப்ரீ த்ரோவில் 85. நியூ ஆர்லியன்ஸ் அவரை 7ஆவதாக எடுத்தது. மறுமுனையில் ஃபுளோரிடாவின் வால்டர் கிளேட்டன், வயது 22: அயோனா கல்லூரியில் இரண்டு ஆண்டு, ஃபுளோரிடாவில் இரண்டு ஆண்டு, 18.3 புள்ளிகள், தேசியப் பட்டம், இறுதிச் சுற்றின் சிறந்த வீரர். 18ஆம் தேர்வில் எடுக்கப்பட்டு யூட்டாவுக்குப் போனார். மேக்சியின் பாடம் நினைவில் இருப்பவருக்கு ஃபியர்ஸின் 85 கண்ணில் படும். பிரன்சனின் பாடம் நினைவில் இருப்பவருக்குக் கிளேட்டனின் 22 வயது அச்சமூட்டாது.

கிளேட்டனைப் பொறுத்தவரை நான் மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பது ஒரே ஒரு காட்சியைத்தான். 2025 ஏப்ரல், சான் அன்டோனியோ, ஹூஸ்டனுக்கு எதிரான இறுதியாட்டம். முதல் பாதியில் அவர் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஃபுளோரிடா 65-63 என்று முன்னால் இருக்க, கடைசி விநாடிகளில் ஹூஸ்டனின் எமானுவேல் ஷார்ப் மூன்று புள்ளிக்கு எழும்புகிறார். கிளேட்டன் பாய்ந்து வந்து அவர் முகத்துக்கு நேரே தாவுகிறார். எறிந்தால் தடுக்கப்படும் என்று கண்ட ஷார்ப், காற்றிலிருந்தபடியே பந்தைக் கீழே விடுகிறார். விட்ட பந்தைத் தானே தொட்டால் விதிமீறல் என்பதால் அது தரையில் துள்ளுவதைப் பார்த்தபடி நிற்கிறார். நேரம் முடிகிறது. அந்த ஆட்டத்தின் புள்ளிப் பட்டியலில் கிளேட்டன் பெயருக்கு எதிரே இருக்கும் எண் 11.